ஒரு சொல்லுக்குள் இரண்டு துணிகள்

சொல்லின் வேரைத் தேடுவது வீண் வேலை, பொருள் தெரிந்தால் போதும் என்று தோழியர் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'கப்பெல்மைஸ்டர்' என்ற ஜேர்மன் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இசைக்குழுவைப் பயிற்றுவித்து நடத்தும் ஆசான் என்பது அதன் பொருள். அத்தோடு நின்றிருந்தால் ஃபானி என்ற பெண்ணை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

'மைஸ்டர்' என்பது 'மகிஸ்டர்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆசான் என்று பொருள். 'கப்பெல்லா'வும் இலத்தீன்தான். ஆனால் அதன் பொருள் சிறிய மேலாடை! மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர், குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தாராம். மற்றப் பாதியைப் பிராங்கிய மன்னர்கள் புனிதப் பொருளாகப் பேணினர். அதை வைத்திருந்த சிற்றாலயம் 'கப்பெல்லா' ஆயிற்று. பின்னர் அங்கே பாடியோருக்கும், கடைசியில் வாத்தியக் குழுவுக்கும் அதுவே பெயராயிற்று.

லைப்சிக் நகரில் இதனோடு இன்னொரு துணியும் சேர்ந்தது. அங்குள்ள புகழ்பெற்ற இசைக்குழு, துணி வணிகரின் மண்டபத்தில் வாசித்ததால் 'கெவாண்ட்ஹவுஸ்', அதாவது துணி மாளிகை, எனப் பெயர் பெற்றது. அதன் தலைவர் 'கெவாண்ட்ஹவுஸ்கப்பெல்மைஸ்டர்'. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்! 1835இல் அப்பதவியை ஏற்றவர் ஃபீலிக்ஸ் மென்டல்சோன்.

ஃபானி அவருடைய அக்கா. இருவரும் ஒரே ஆசிரியரிடம் இசை கற்றவர்கள். 1820இல், ஃபானிக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, தந்தை அவருக்குக் கடிதம் எழுதினார்: இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்கலாம் என்பது அதன் சாரம். பதினான்கு வயதில் அதைப் படித்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஆயினும் ஃபானி பேர்லினில் தம் வீட்டிலேயே ஞாயிறு இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். பாடகர் குழுவைப் பயிற்றுவித்தார். தாமே முன்னின்று இயக்கினார். 1847 மே 14இல் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றின் ஒத்திகையிலேயே நோயுற்று, அன்றே இறந்தார். அகராதி சொல்லும் கப்பெல்மைஸ்டரின் வேலை முழுவதையும் அவர் செய்தார். அந்தப் பெயரை மட்டும் எவரும் அவருக்குத் தரவில்லை. வேரைத் தேடிப் போனதால்தான் இந்த அநியாயம் என் கண்ணில் பட்டது.

இன்று ஜேர்மன் மொழியில் 'கப்பெல்மைஸ்டரின்' என்ற பெண்பாற் சொல்லும் வழங்குகிறது. 'இன்' அங்கே பெண்பால் விகுதி. தமிழில் எழுதிப் பார்த்தபோது, 'கப்பெல்மைஸ்டருடைய' என்றுதான் முதலில் வாசித்தேன்.