பெருங்காயம் வைத்த பாண்டம்

2024 ஜூலை 1 அன்று ஃபிராங்க்ஃபர்ட் நகரில், ஸ்லோவேனியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கிறிஸ்டியானோ ரொனால்டோ உதைத்த பெனால்டியை யான் ஒப்லாக் தடுத்தார். இடைவேளையில் ரொனால்டோ அழுதார். கண்டோர் உருகினர், நாமும் உருகினோம். ஆயினும் இரக்கம் வேறு, அணித்தேர்வு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதே போர்ச்சுகல் செய்த பிழை என்போம்.

கணக்கு எளியது. அந்த ஐரோப்பியக் கோப்பையில் 39 வயது ரொனால்டோ ஐந்து ஆட்டங்களிலும் தொடக்கம் முதலே களத்தில் இருந்தார். அடித்த கோல் ஒன்றுமில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில், பெனால்டிச் சுற்றை நீக்கிப் பார்த்தால், அணியே ஒரு கோலும் அடிக்கவில்லை. ஸ்லோவேனியாவிடமிருந்து காத்தவை, பெனால்டிச் சுற்றில் மூன்று உதைகளைத் தடுத்த கோல்காப்பாளர் டியோகோ கோஸ்டாவின் கைகள். காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

மாற்று ஆள் இல்லையா? இருந்தார். 2022 டிசம்பர் 6 அன்று உலகக் கோப்பையில் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சாண்டோஸ் ரொனால்டோவை வெளியே அமர்த்தி, 21 வயது கொன்சாலோ ராமோஸைக் களமிறக்கினார். ராமோஸ் மூன்று கோல் அடித்தார். சுவிட்சர்லாந்து 6–1 என வீழ்ந்தது. அடுத்த ஆட்டத்தில் மொராக்கோவிடம் 0–1 எனத் தோற்றதும் சாண்டோஸின் பதவி போயிற்று. பின்வந்த ரொபெர்டோ மார்டினெஸ் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார் என்றே நமக்குத் தோன்றுகிறது: மூத்தவரை அமர்த்திவிட்டுத் தோற்றால் பழி பயிற்சியாளருக்கு, ஆடவிட்டுத் தோற்றால் பழி விதிக்கு. 2024 கோப்பையில் ராமோஸ் ஓர் ஆட்டத்தையும் தொடங்கவில்லை.

தகுதிச் சுற்றில் ரொனால்டோ 10 கோல் அடித்தாரே என்பர். அவற்றுள் ஐந்து லீக்டென்ஸ்டைனுக்கும் லக்சம்பர்குக்கும் எதிரானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 நேஷன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராகச் சமன் செய்தாரே என்பர். மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று 88ஆம் நிமிடத்தில் உடல் ஒத்துழையாமல் அவர் வெளியேற, உள்ளே வந்தவர் ராமோஸ். பெனால்டிச் சுற்றின் முதல் உதையைக் கோலாக்கியவரும் அவரே. கோப்பை போர்ச்சுகலுக்கு வந்தது. நாம் வேண்டுவதும் இவ்வளவே: மூத்தவர் ஆடட்டும், அளவோடு, உடல் முறையிடும் முன்பே பயிற்சியாளர் அவரை அழைத்துக்கொள்ளட்டும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது சந்தைக் கணக்கு. சட்டை விற்பவருக்கும் விளம்பரதாரருக்கும் அது பொருந்தும், ஆட்டக்களத்திற்குப் பொருந்தாது. ரொனால்டோவின் பெருமையை எவராலும் பறிக்க இயலாது. ஆனால் ஒருவரது கடந்த காலத்திற்குச் செலுத்தும் நன்றிக்கடனை இன்னொருவரது எதிர்காலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது எவ்வகை நியாயம்? பெருங்காயம் வைத்த பாண்டத்தில் வாசனை நெடுநாள் நிற்கும். குழம்புக்கு வேண்டுவது பெருங்காயம், பாண்டம் அன்று.