இரும்புச் சத்தும் தீட்டுக் கறியும்

கர்ப்பமாக இருந்த என் தங்கச்சிக்கு ஹீமோகுளோபின் எட்டுதான் என்று சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை, வெல்லம். 'கறி திங்கலாமா?' என்று கேட்டாள். 'ஆட்டு ஈரல், சுவரொட்டி சாப்பிடும்மா.' 'மாட்டு ஈரல்?' முகம் சுளித்ததே ஒழிய பதில் வரவில்லை.

இரும்புக்குச் சாதி கிடையாது தோழர்களே. ஆட்டு ஈரலில் இருந்தாலும் மாட்டு ஈரலில் இருந்தாலும் அது இரும்புதான். கறியில், ரத்தத்தில், ஈரலில் உள்ள ஹீம் இரும்பை உடம்பு 15 முதல் 35 சதம் வரை உறிஞ்சிக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ளது அப்படியில்லை; பெரும்பாலும் பத்து சதம்கூடத் தேறாது. மேலே ஒரு டீ குடித்தால் அதுவும் குறையும். கீரையோடு கொஞ்சம் கறி சேர்த்துத் தின்றால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். நம்ம ஆயா முருங்கைக்கீரையில் உப்புக்கண்டம் போட்டு வதக்கியது இதையெல்லாம் படித்துவிட்டா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதம். ரத்தசோகை என்றால் வெறும் களைப்பு இல்லை. பிரசவத்தில் ரத்தம் போனால் உடம்பு தாங்காது. பிள்ளைக்குக் கவனம் நிற்காது. 'சேரிப் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது' என்கிற வாத்தியார் அதன் தட்டை எட்டிப் பார்த்ததுண்டா?

அரசு என்ன செய்தது? 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் செறிவூட்டிய அரிசியை அறிவித்தார். அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் கலந்து அரிசி மாதிரியே பிழிந்து, நூற்றுக்கு ஒன்றாகச் சேர்ப்பது. ஜனங்கள் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தார்கள். நான் அந்த அரிசிக்கு எதிரியில்லை. மாத்திரைக்கும் எதிரியில்லை, தங்கச்சியை மிரட்டி முழுங்க வைத்தவன் நான்தான். என் கேள்வி வேறு. அரிசிக்குள் இரும்பைத் திணிக்கிற இதே அரசு 2017 மே மாதத்தில் என்ன செய்தது? அறுப்புக்கு மாட்டைச் சந்தையில் விற்காதே என்று விதி போட்டது. மே 30-ல் மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. அதே நாளில்தான் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவனைக் கண்ணிலேயே அடித்தார்கள். ஏழையின் இரும்பைப் பிடுங்கப் பார்த்த கைதான் இரும்புத் தூளையும் நீட்டியது.

சிலர் கேட்பார்கள்: அம்பேத்கரே விடச் சொன்னாரே? 1927-ல் மகாத்தில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டுக்கறியை. ஊரான் வீட்டுச் செத்த மாட்டைச் சுமப்பதும் அதைத் தின்பதும் நம்மேல் ஏற்றப்பட்ட இழிவு என்பதால் சொன்னார். 1948-ல் தீண்டப்படாதார் பற்றிய நூலில் ஒருகாலத்தில் பிராமணர்களும் மாடு தின்றார்கள் என்று சான்றுகளோடு நிறுவியவரும் அவரேதான். காசு கொடுத்துக் கசாப்புக்கடையில் வாங்கும் கறியில் என்ன இழிவு?

ஊரானைச் சொல்லி என்ன, நானும் யோக்கியன் இல்லை. பாங்கில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்து நாற்காலி 'என்ன சார் வாசனை?' என்றால் 'மட்டன்' என்கிறவன்தான். கவிதையில் மட்டும் பறை அடிப்பேன். செஞ்சியில் வாங்கினாலும் கறுப்புப் பையில் சுற்றித்தான் கொண்டுவருவேன். இந்தப் பை இருக்கிறவரை எந்த மருத்துவரும் சீட்டில் அந்தப் பெயரை எழுதமாட்டார்.

மாணவத் தோழர்களே, உங்கள் விடுதி உணவுப் பட்டியலைக் கையில் எடுங்கள். மாட்டுக்கறி அதில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். 'மத்தவங்க மனசு புண்படும்' என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு மாட்டு ஈரலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி மனு கொடுப்போம். முதல் கையெழுத்து என்னுடையது. பாங்கு விலாசத்தோடே போடுகிறேன்.