வாலிபால் கிளப் உலக சாம்பியன்ஷிப்: 15 பாயிண்ட் லீக்கில் ஜெயிச்ச அணி, 25 பாயிண்ட் மேட்ச்சில் ஏன் தடுமாறியது?

வாலிபாலில் உலகக் கோப்பை என்றால் நாடுகள் மோதும் தொடர்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் கிளப் அணிகளுக்கென்று தனியாக ஒரு உலக சாம்பியன்ஷிப் இருக்கிறது. 2023 டிசம்பர் 6 முதல் 10 வரை அது நடந்தது நம்ம பக்கத்து ஊரான பெங்களூருவில், கோரமங்களா உள்விளையாட்டு அரங்கில். ஆண்களுக்கான இந்தத் தொடர் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல்முறை. ஒரு இந்திய அணியும் அதில் விளையாடியது.

ஜெயித்ததா? இல்லை. ஆடிய இரண்டு மேட்ச்சிலும் தோல்வி, குரூப் சுற்றோடு வெளியேற்றம். ஏன் என்று பார்த்தால், இந்திய வாலிபால் எந்த இடத்தில் நிற்கிறது என்பது புரியும்.

அப்படி என்ன தொடர் இது?

சர்வதேச வாலிபால் சம்மேளனம் நடத்தும் தொடர் இது. 1989-ல் இத்தாலியின் பார்மா நகரில் தொடங்கியது. முதல் நான்கு ஆண்டும் இத்தாலி கிளப்புகளே கோப்பையைத் தூக்கின. 1992-க்குப் பிறகு ஆண்கள் தொடர் அப்படியே நின்றுபோய், 17 ஆண்டு கழித்து 2009-ல் கத்தாரின் தோஹாவில் மீண்டும் உயிர்பெற்றது. அதன்பின் தொடர்ந்து நான்கு முறை ஜெயித்த அணி, இத்தாலியின் ட்ரென்டினோ. 2018-ல் ஐந்தாவது கோப்பையும் அதற்கே. பிரேசிலின் சாடா க்ருசெய்ரோவிடமும் ஐந்து கோப்பை இருக்கிறது. கடைசியாக வென்றது 2024-ல்.

இத்தாலி, பிரேசில், ரஷ்யா. ஆண்கள் பிரிவில் கோப்பை இந்த மூன்று நாட்டு கிளப்புகளைத் தாண்டிப் போனதே இல்லை. ஆசியாவிலிருந்து கத்தாரின் அல் ரய்யான் 2014-ல் ஃபைனல் வரை வந்து தோற்றது. பெங்களூருவில் ஜப்பானின் சன்டோரி சன்பேர்ட்ஸ் வெண்கலம் வாங்கியது. 2 மீட்டர் 18 சென்டிமீட்டர் உயரமுள்ள ரஷ்ய வீரர் முசெர்ஸ்கி அப்போது அந்த அணியில்தான் இருந்தார். கிளப் போட்டியின் வசதியே இதுதான், எந்த நாட்டு வீரரையும் அணியில் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே போவது எப்படி?

கண்ட அளவிலான கிளப் போட்டிகளில் ஜெயித்தால் இடம் கிடைக்கும். போட்டியை நடத்தும் நாட்டுக்கும் இடம் உண்டு. மிச்சம் வைல்டு கார்டு அழைப்பு. தகுதி பெற்ற எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. 2021, 2022, 2023 என மூன்று ஆண்டு வரிசையாக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற போலந்தின் ஸாக்ஸா, அந்த மூன்று ஆண்டுகளிலும் உலக கிளப் போட்டியில் ஆடவில்லை. ஐரோப்பிய சாம்பியனே இல்லாமல் 'உலக சாம்பியன்' பட்டமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

இந்தியாவுக்குக் கிடைத்தது, நடத்தும் நாட்டுக்கான இடம். பிரைம் வாலிபால் லீக்கின் 2023 சாம்பியன் என்ற முறையில் அகமதாபாத் டிஃபென்டர்ஸ் அந்த இடத்துக்கு வந்தது. பெயர்தான் அகமதாபாத். லீக்கை வென்ற அந்த அணியின் கேப்டனும் செட்டருமான முத்துசாமி அப்பாவு தமிழ்நாட்டுக்காரர். தாக்குதலில் கலக்கிய அங்கமுத்துவும் நம்ம ஆள்தான்.

15-க்கும் 25-க்கும் நடுவே

ஆறு அணிகள், மூன்று மூன்றாக இரண்டு பிரிவு. அகமதாபாத் சிக்கிய பிரிவில் இருந்தவை நடப்பு சாம்பியனான இத்தாலியின் பெருஜியாவும் பிரேசிலின் மினாஸும். இவை இரண்டும்தான் கடைசியில் ஃபைனலில் மோதின. பெருஜியா 3-0 என ஜெயித்து கோப்பையைத் தக்கவைத்தது. ஆக, டிரா கொஞ்சம் கொடூரம்தான்.

ஆனால் டிராவை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. பிரைம் வாலிபால் லீக்கில் ஒரு செட் 15 பாயிண்ட்டில் முடிந்துவிடும். 'சூப்பர் பாயிண்ட்' கேட்டால் ஒரே ராலியில் இரண்டு பாயிண்ட் கிடைக்கும். டிவிக்கு இது நல்ல விறுவிறுப்பு, சந்தேகமே இல்லை. சர்வதேச விதியில் செட் 25 பாயிண்ட், சூப்பர் பாயிண்ட்டும் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3-0 என ஜெயிக்க அங்கே 45 பாயிண்ட் எடுத்தால் போதும், இங்கே குறைந்தது 75 எடுக்க வேண்டும்.

வெறும் 30 பாயிண்ட்தானே என்று தோன்றலாம். 15 பாயிண்ட் செட்டில் இரண்டு நல்ல சர்வ், ஒரு பிளாக் என ஆட்டத்தைத் திருப்பிவிடலாம். 25 பாயிண்ட் செட்டில் எதிரணி செட்டருக்கு நம்மைப் படிக்க நேரம் கிடைக்கும். பெருஜியாவின் செட்டர் சிமோனே ஜியானெல்லி, இத்தாலி தேசிய அணியின் கேப்டன். நம்ம பிளாக்கர்கள் எந்தப் பக்கம் முதலில் நகர்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்துவிட்டால், அதன்பின் பந்து எதிர்ப்பக்கம்தான் போகும். 18-18க்கு மேல் சர்வை வாங்கும் கைகளில் நடுக்கம் இருக்கக்கூடாது. அந்தப் பழக்கம் 15-ல் முடியும் ஆட்டத்தில் வராது.

இன்னொரு வித்தியாசம், கிளப் என்ற சொல்லே. இத்தாலி லீக் அக்டோபரில் தொடங்கி மே வரை ஓடும். ட்ரென்டோ, பெருஜியா எல்லாம் பெரிய நகரங்கள்கூட இல்லை. ஆனாலும் அணிக்குச் சொந்த அரங்கம், இளையோர் அணி, ஆண்டு முழுக்க சம்பளம் உண்டு. இங்கே லீக் சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் வீரர்கள் ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை என வேலை கொடுத்த நிறுவனத்தின் அணிக்குத் திரும்புவார்கள். நம்ம ஊர் வீரருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான் சோறு. அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இதே அணியை அடுத்த சீசன் வரை ஒன்றாக வைத்திருக்க யாராலும் முடியாது.

அதற்கப்புறம் என்ன ஆச்சு?

2023, 2024 இரண்டு ஆண்டும் தொடர் இந்தியாவில்தான் என்று முதலில் அறிவித்தார்கள். ஆனால் 2024 போட்டி நடந்தது பிரேசிலின் உபெர்லாண்டியாவில். அணிகள் ஆறிலிருந்து எட்டாகக் கூடின. அதில் இந்திய அணி ஒன்றுகூட இல்லை. தொடர் இங்கேயே நடந்திருந்தால் அந்த ஆண்டு லீக் சாம்பியனான காலிகட் ஹீரோஸ் போயிருக்கும். சென்னையில் நடந்த ஃபைனலில் டெல்லி தூஃபான்ஸை வீழ்த்திய அந்த அணிக்குக் கேப்டன் தமிழக வீரர் ஜெரோம் வினித்.

திறமையே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி தென்கொரியாவை 3-2 என வீழ்த்தி, ஆறாம் இடம் பிடித்தது. அதற்கு முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய அணி அந்தத் தென்கொரியா. ஆனால் நிர்வாகச் சண்டை ஓயவில்லை. 2019-ல் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வென்ற புரோ வாலிபால் லீக், கூட்டமைப்புக்கும் லீக் நடத்திய நிறுவனத்துக்கும் ஒத்துவராமல் ஒரே சீசனோடு முடிந்து, விவகாரம் கோர்ட் வரை போனது. 2022-ல் கூட்டமைப்பு இல்லாமலே தொடங்கியதுதான் இப்போதைய லீக்.

இனி ஒரு இந்திய கிளப் உலகப் போட்டிக்குப் போக வேண்டுமென்றால், நாம் மறுபடி நடத்த வேண்டும், இல்லையென்றால் ஆசிய கிளப் போட்டியில் சாதிக்க வேண்டும். சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிவிட்ட அந்தப் போட்டியில் ஜப்பான், கத்தார், ஈரான் கிளப்புகளைத் தாண்ட வேண்டியிருக்கும். 2019-ல் தைபேயில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் அதில் ஆடிப் பார்த்தது. அங்கேயும் செட் 25 பாயிண்ட்தான்.