விண்டோஸ் 11க்கு மாறும்போது கணினி பாதியில் நின்றுவிடுகிறதா? திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது.

அதனால் வீட்டில் உள்ள கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றப் பலர் முயல்கிறார்கள். சிலருக்குப் பாதியில் நீலத்திரை வருகிறது. கணினி அணைந்து எழுந்து, கடைசியில் பழைய விண்டோஸ் 10க்கே திரும்பிவிடுகிறது.

"கம்ப்யூட்டர் போச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று ஆயிரம் வெள்ளியை எடுத்துவைக்கும் முன் சற்றுப் பொறுங்கள். பழைய நிலைக்குத் திரும்புவது கணினி கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அந்நேரத்தில் மின்சாரத்தை மட்டும் துண்டிக்காதீர்கள்.

எண் என்ன சொல்கிறது?

நிறுவல் தோல்வியடைந்தால் பெரும்பாலும் ஒரு பிழைக் குறியீடு தோன்றும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் 80070070 என்று இருந்தால் வட்டில் இடம் போதவில்லை. வேண்டாத கோப்புகளை நீக்கினாலே போதும்.

1900101 என்று இருந்தால் டிரைவர் மீதுதான் சந்தேகம். வைஃபை, திரை, அச்சு இயந்திரம் போன்றவற்றை விண்டோஸுடன் பேசவைக்கும் சிறு மென்பொருள் அது. பழைய டிரைவர் புதிய விண்டோஸுடன் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும்.

அதை அடுத்து 20017, 30018, 40017 போன்ற இன்னோர் எண்ணும் இருக்கும். அதன் முதல் இலக்கம் முக்கியம். 2 என்றால் புதிய விண்டோஸ் எழுவதற்கு முன்பே சிக்கல். 3 என்றால் அது முதன்முறை எழும்போது. 4 என்றால் இரண்டாம் முறை எழுந்து, உங்கள் அமைப்புகளைக் கொண்டுவரும் கட்டத்தில். கடைக்கே கொண்டுபோனாலும் இந்த எண்ணைச் சொல்லுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

முதலில் முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். விசைப்பலகை, சுட்டி, திரை தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். அச்சு இயந்திரம், வெளிவட்டு, சொருகியபடியே மறந்துபோன யூஎஸ்பி எல்லாம்தான். மைக்ரோசாஃப்ட் அல்லாத வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள். கணினித் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் புதிய டிரைவர் உள்ளதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்தில் நின்றால் பெரும்பாலும் மென்பொருள் சிக்கல். ஒருமுறை இங்கே, மறுமுறை வேறெங்கோ என்றால் நினைவகத்தைச் சோதியுங்கள். அதற்கான மெமரி டயக்னாஸ்டிக் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

தகுதியே இல்லாத கணினி என்றால்?

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலி ஆகியவை தேவை. சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் முடக்கப்பட்டிருக்கும். பயோஸ் அமைப்பில் அதை இயக்கலாம். ஆனால் அதில் கைவைக்கும் முன் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வையுங்கள். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் உங்கள் படங்கள் உங்களுக்கே திறக்காது.

இந்தச் சோதனைகளைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழிகள் யூடியூபில் ஏராளம். எங்கள் யோசனை, வேண்டாம். அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து பாதுகாப்பு மேம்பாடு கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

அதைவிட, விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை உண்டு.