விதியா, கம்பியா?

ஹெலிகாப்டர் விழுந்து மனிதர்கள் மாண்டார்கள் என்று படித்தவுடன் நம் ஜனங்களில் பெரும்பாலோர் "விதி முடிந்தது" என்பார்கள். இன்னும் சற்று பக்தி உள்ளவர்கள் "ஆண்டவன் அழைத்துக் கொண்டான்" என்பார்கள். இப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. யாரும் எதற்கும் ஜவாப்தாரியாக வேண்டியதும் இல்லை. விதி என்னும் சொல்லின் உபயோகமெல்லாம் இதில்தான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

2019 ஆகஸ்டில் உத்தரகண்ட் ராஜ்யத்து உத்தரகாசி ஜில்லாவில், ஆராகோட் பக்கத்து மலைக் கிராமங்கள் பெருமழையால் அழிந்தன. அங்கு உதவிப் பொருள் கொண்டுபோகும் வேலையிலிருந்த ஹெலிகாப்டர் ஒன்று ஆகஸ்ட் 21-ந் தேதி மோல்டி கிராமத்தருகில் கம்பியில் சிக்கி விழுந்தது. அதிலிருந்த 3 பேரும் மாண்டார்கள். அது என்ன கம்பி என்றால், வண்டி ஏறாத சரிவுகளில் விளையும் ஆப்பிளைக் கீழே அனுப்புவதற்குக் குடியானவர்கள் கட்டி வைத்திருந்த கம்பி. இரண்டே நாளில், 23-ந் தேதி, அதே பிரதேசத்தில் மற்றொரு ஹெலிகாப்டரும் கம்பிக்குத் தப்ப அவசரமாய்த் தரையிறங்க நேர்ந்தது.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஓடுபாதை வேண்டாம் என்பதே ஹெலிகாப்டரின் பெருமை. அந்தப் பெருமையேதான் ஆபத்தும். மரம், கம்பம், கம்பி, கல் இவைகளுக்கு நடுவேதான் அது இறங்கவும் எழும்பவும் வேண்டியிருக்கிறது. மலையின் நிறத்தில் மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை; கெட்டிக்கார ஓட்டியும் கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். எழும்பும்போது அதன் சறுக்குக்கால் ஒன்று கல்லிலோ சேற்றிலோ மாட்டிக் கொண்டாலும் போதும். ஒரு பக்கம் தூக்க, மறுபக்கம் தரை பிடிக்க, ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிறகு எந்த ஓட்டியாலும் நிமிர்த்த முடியாது.

நிற்க, இதற்குப் பரிகாரம் இல்லையா என்றால், இருக்கிறது. கம்பிகளின்மேல் வர்ணக் குண்டுகளைத் தொங்க விடலாம். எங்கெங்கே கம்பி போகிறதென்று படத்தில் குறித்து ஓட்டிகளின் கையில் கொடுக்கலாம். கம்பியை அறுக்கும் கத்தியை ஹெலிகாப்டரிலேயே பொருத்தலாம். எழும்பும் களத்தைச் சுற்றிப் பார்த்துத் துப்புரவாக்கலாம். இவைகளில் ஒன்றுக்காவது மந்திரம் வேண்டுமா? வேள்வி வேண்டுமா?

2025 மே 8-ந் தேதி அதே ஜில்லாவில் கங்கோத்திரிக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து 6 பேர் மாண்டார்கள். ரோட்டில் இறங்க முயன்றபோது அதன் சிறகு மேலே சென்ற தந்திக் கம்பி போன்ற கேபிளில் பட்டது என்று சர்க்கார் விசாரணையின் முதல் அறிக்கை சொல்லுகிறது. நிவாரணம் கொண்டுபோனவனுக்கும் கம்பி, கடவுளைத் தேடிப் போனவனுக்கும் கம்பி! விதிக்கு அந்த ஜில்லாக் கம்பிகளின்மேல் மாத்திரம் இவ்வளவு பிரியம் என்னவோ, விதிவாதிகள்தான் சொல்ல வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சமயங்களில் விதியின்மேல் போடாதவர்கள் செத்துப் போன ஓட்டியின்மேல் போடுவார்கள். அல்லது கம்பி கட்டிய ஏழையின்மேல் போடுவார்கள். செத்தவன் பேச மாட்டான். ஏழை பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். விளைந்த பழம் அழுகாமல் சந்தைக்குப் போக வழி தேடியதா குற்றம்? தன் ஊரில் எந்த மரத்திலிருந்து எந்தப் பாறைக்குக் கம்பி போகிறதென்பது அந்தக் குடியானவனுக்குத்தான் தெரியும். அவனைக் கேட்டு எழுதிக் கொள்வதற்கு ஒரு காகிதமும் பென்சிலும் போதுமே!

ஆகையால் தோழர்களே, அடுத்த முறை "விதி" என்று யாராவது பெருமூச்சு விட்டால், கம்பி எங்கே இருந்தது, அதற்குக் குறி இருந்ததா, அதைப் பார்த்து வைக்க வேண்டிய உத்தியோகஸ்தன் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்குகிறவரையில் விடாதீர்கள்.