ஒதுக்கப்படும் தொழிலாளியின் மௌனம்



மேலாளர் தம்கீழ் பணியாற்றுபவரைத் திட்டாமலும் தண்டிக்காமலும், கூட்டத்துக்கு அழைக்காமல், கேள்விக்கு விடை தராமல் விட்டுவிடுவதைப் பணியிட ஒதுக்கல் என்றும், அதனால் அந்தப் பணியாளர் தம் கண்ணில் பட்ட குறையைக்கூடச் சொல்லாது இருந்துவிடுவதைப் பணியாளர் மௌனம் என்றும் மேலாண்மை ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். மீஞ்சூரைச் சுற்றியுள்ள அனல்மின் நிலையங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்திருப்பதால் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று; அவர்களை மறுநாள் வரவேண்டாம் என்று நிறுத்த மேற்பார்வையாளருக்கு ஒரு சொல் போதும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் இரும்புக் கட்டமைப்பு சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர் 9 பேர் இறந்தனர். காரணம் எதுவாயினும், உயரத்தில் நின்று வேலை செய்பவரின் சொல்லுக்கு அங்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

இதற்கு மாறாக, பழவேற்காட்டு மீனவரிடையே, வலைவிடும் இடத்தை முறைவைத்துப் பகிரும் பாடு முறையில், பட்டியலில் பெயருள்ளவர் ஊர்க்கூட்டத்தில் தம் குறையைச் சொல்ல முடிகிறது (பெண்களை வெளியே நிறுத்திய முறை அது என்பதையும் மறைப்பதற்கில்லை). தொழிற்சாலைகளுக்கும் இத்தகைய ஏற்பாடு புதிதன்று: போபால் விபத்துக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான தொழில்களில் ஆபத்தை எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு அளித்ததோடு, நிர்வாகத்தினருக்குச் சம அளவில் அவர்கள் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவையும் கட்டாயமாக்கியது. அத்தகைய குழுக்களில் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடமளித்து, அவர்கள் அறிந்த மொழியிலேயே கூட்டங்களை நடத்தத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆணையிட வேண்டும்.

வாசகர், மீஞ்சூர்