கேட் ஏறிக் குதித்த துணை நடிகர்கள்

நவம்பர் 7 வந்தால் போதும், ஏதாவது ஒரு சேனலில் அந்த கிளிப்பிங்கைப் போட்டுவிடுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருட்டில் பிரமாண்டமான ஓர் அரண்மனை. வளைவுக்கு அடியிலிருந்து துப்பாக்கியும் கையுமாக ஜனங்கள் அலை அலையாக ஓடி வருகிறார்கள். இரும்பு கேட்டில் தொற்றி ஏறுகிறார்கள். அரச சின்னங்களின் மேலேயே காலை வைத்து எம்பிக் குதிக்கிறார்கள். கீழே '1917, ரஷ்யப் புரட்சி' என்று எழுத்து. ஜார் மன்னனின் கொடுங்கோல் ஆட்சி அன்றோடு தூக்கியெறியப்பட்டது என்று ஒரு கம்பீரக் குரல்.

குரல் சொல்வதும் தப்பு. காட்டுகிற படமும் அன்றைக்கு எடுத்ததில்லை.

முதலில் படம். அது 1927-ல் எடுத்த சினிமா, சார். பெயர் 'அக்டோபர்'. டைரக்டர் செர்கேய் ஐசன்ஸ்டைன். புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவுக்காக சோவியத் அரசு ஆர்டர் கொடுத்து எடுக்கவைத்த படம். 1928-ல்தான் முழுசாக வெளிவந்தது. அதில் லெனினாக வருகிறவர் ஜாடை ஒத்துப்போன நிகந்த்ரோவ் என்ற தொழிலாளி. கேட் ஏறுகிறவர்கள் துணை நடிகர்கள். பெட்ரோகிராடின் குளிர்கால அரண்மனைக்குள் அந்த ராத்திரி ஆட்கள் நுழைந்ததைப் படம் பிடித்த பிலிம் ஓர் அடிகூடக் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க சரித்திரப் புலமை வேண்டாம். கொஞ்சம் சினிமா பார்க்கிற புத்தி போதும். கூட்டம் அலங்கார மாடிப்படியில் தடதடவென்று ஏறி வருகிறது. கேமரா எங்கே இருக்கிறது? அவர்களுக்கு முன்னாலேயே போய்ப் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரியின் அரண்மனைக்குள் கேமராமேனை யார் விட்டது? அந்தக் காலத்து பிலிமில் நள்ளிரவுக் காட்சி இவ்வளவு பளிச்சென்று விழ ஊர்ப்பட்ட விளக்குகள் வேண்டும். புரட்சிக்காரர்கள் ஜெனரேட்டரோடா வந்தார்கள்? இதையெல்லாம் நாம் கேட்பதில்லை. கறுப்பு வெள்ளையாக இருந்தால் நிஜம். மேலே நாலு கீறல் விழுந்திருந்தால் இன்னும் நிஜம். இதுதான் நம் கணக்கு.

இப்போது குரல். ஜார் இரண்டாம் நிக்கலஸ் முடி துறந்தது 1917 மார்ச்சில். நவம்பரில் அந்த அரண்மனைக்குள் எந்த ராஜாவும் இல்லை. இருந்தது கெரன்ஸ்கியின் இடைக்கால அரசு. (பழைய ரஷ்ய காலண்டர் 13 நாள் பின்தங்கி ஓடியது. அதனால்தான் அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடுகிறோம்.) கெரன்ஸ்கியும் அன்று காலையிலேயே காரில் ஏறி, படை திரட்டி வருகிறேன் என்று போய்விட்டார். பெண் வேஷத்தில் ஓடினார் என்பது பிற்பாடு கட்டிவிட்ட கதை. அரண்மனையின் ஒரு பகுதி போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியாக இருந்தது. காவலுக்கு இருந்தவர்கள் ராணுவப் பள்ளி மாணவர்கள், கொஞ்சம் கோசாக்குகள், பெண்கள் படைப் பிரிவு ஒன்று. பசியிலும் சலிப்பிலும் அவர்களிலேயே பல பேர் சாயங்காலத்துக்குள் நழுவிவிட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஜான் ரீட் அன்று பிற்பகல் உள்ளே போய்ச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கோட்டை லட்சணம் அது.

ராத்திரி 'அரோரா' கப்பலிலிருந்து ஒரு வெற்றுக் குண்டு. கொஞ்சம் பீரங்கிச் சத்தம். ஆட்கள் பக்கவாட்டுக் கதவுகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார்கள். ஏறியது ஒரு சின்ன மாடிப்படி. இன்றைக்கும் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் அதற்கு 'அக்டோபர் படிக்கட்டு' என்றுதான் பெயர். சினிமாவுக்கு அது போதவில்லை. ராஜா காலத்து விருந்தாளிகள் ஏறுகிற பளிங்குப் படிக்கட்டில் கூட்டத்தை ஏற்றினார்கள். அதிகாலை 2.10-க்கு ஒரு சின்ன சாப்பாட்டு அறையில் மந்திரிகளைக் கைது செய்தார்கள். செத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். படம் எடுத்தபோதுதான் அரண்மனைக்கு அதிக சேதம் என்று சினிமாக்காரர்கள் மத்தியில் ஒரு கதை உண்டு. உடைந்த கண்ணாடியைப் பெருக்கிய வேலைக்காரர், 'போன தடவை உங்க ஆட்கள் பார்த்துப் பக்குவமா நடந்துக்கிட்டாங்க' என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். கதைதான். ஆனால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

'சினிமான்னா அப்படித்தான், அதுக்குப் போய் இவ்வளவு கோபமா?' என்று கேட்பீர்கள். ஐசன்ஸ்டைன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் சினிமா என்று சொல்லித்தான் எடுத்தார். கோபமெல்லாம் சினிமா என்பதைச் சொல்லாமல் போடுகிறவர்கள் மேல்தான். அவர்கள் செய்வது சின்ன சோம்பேறித்தனம் இல்லை. மூன்று பெரிய விஷயங்கள் அதில் அடிபட்டுப் போகின்றன.

ஆட்சி எங்கே கைமாறியது என்று பாருங்கள். அரண்மனையிலா? அதற்கு முன்னாலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், தந்தி ஆபீஸ், பாலங்கள், ரயில்வே ஸ்டேஷன்கள், அரசு வங்கி எல்லாம் கைக்கு வந்துவிட்டன. இடைக்கால அரசு கவிழ்ந்துவிட்டது என்ற அறிவிப்பு அன்று காலை 10 மணிக்கே வெளியாகிவிட்டது. அரண்மனை விழுந்தது அதற்கும் பதினாறு மணி நேரம் கழித்து! போரை நிறுத்துவோம், நிலத்தைக் கொடுப்போம் என்ற ஆணைகள் அடுத்த நாள் ஸ்மோல்னி என்ற பழைய பெண்கள் பள்ளிக் கட்டடத்தில், சோவியத்துகளின் காங்கிரஸில் நிறைவேறின. லட்சக்கணக்கான சிப்பாய்களும் விவசாயிகளும் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்கு பதில் அந்தப் புழுக்கமான ஹாலில்தான் இருக்கிறது. ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பார்க்க அழகாக இருக்காது. தீர்மானம் வாசிக்கிற காட்சிக்கு மியூசிக் போட முடியாது. அரண்மனை என்றால் தூண் இருக்கிறது, கேட் இருக்கிறது, ஏறிக் குதிக்க வசதி. ஆக, அரசியல் போய் அரண்மனை மட்டும் நின்றது.

அடுத்தது, ஆட்களையே காணோம். 1917-ல் பெட்ரோகிராட் சோவியத்தின் தலைவர் டிராட்ஸ்கி. எழுச்சியை ஏற்பாடு செய்ததில் முக்கிய கை. படம் தயாரான 1927 நவம்பரில் அவரைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். உடனே கத்திரிக்கோல் எடிட்டிங் டேபிளுக்கு வந்தது. அவர் வருகிற காட்சிகளை வெட்டினார்கள். படம் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த சாப்பாட்டு அறையில் மந்திரிகளைக் கைது செய்த அந்தோனோவ் ஒவ்செயென்கோவை 1938-ல் சுட்டே கொன்றுவிட்டார்கள். இன்றைக்கு ஏதோ ஒரு ஜனநாயக நாட்டில், ஏதோ ஒரு ஏ.சி. ரூமில் உட்கார்ந்து அந்தக் காட்சியை ஆதாரமாக ஒட்டுகிறவர், ஸ்டாலின் காலத்துக் கத்திரிக்குத் தெரியாமலே கூலியில்லாத வேலை பார்க்கிறார்.

மூன்றாவதுதான் வேடிக்கை. இந்தக் காட்சி இரண்டு தரப்புக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. ஆதரிக்கிறவருக்கு: பார், மக்கள் வெள்ளம்! எதிர்க்கிறவருக்கு: பார், வெறி பிடித்த கும்பல்! இரண்டு பேருக்கும் ஒரே ரீல். அந்த ராத்திரி ஊரில் டிராம் ஓடியது, தியேட்டர்களில் நாடகமும் பாட்டும் நடந்தன என்று சொன்னால் இரண்டு பேருக்குமே பிடிக்காது.

இது ஒரு தடவை நடந்த கைத்தவறும் இல்லை. அதே அரண்மனை, அதே மைதானம். 1920 நவம்பர் 7 அன்று எவ்ரேய்னோவ் என்ற நாடக டைரக்டர் அங்கே ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அரண்மனை பிடித்ததை நாடகமாக நடத்தினார். பார்க்க வந்த கூட்டம் ஒரு லட்சம் என்கிறார்கள். 1917-ல் உண்மையில் உள்ளே போனவர்களைவிட நடித்தவர்கள் அதிகம். அந்த நாடகத்தின் போட்டோவில் வேடிக்கை பார்த்த கூட்டத்தையும் டைரக்டர் நின்ற மேடையையும் பிரஷ்ஷால் அழித்துவிட்டு, இதுதான் நிஜ போட்டோ என்று அச்சடித்தார்கள். 1905 ஜனவரியில் ஜாரிடம் மனு கொடுக்க வந்த தொழிலாளிகளைச் சுட்ட 'ரத்த ஞாயிறு' தெரியுமில்லையா? அதற்கென்று போடுகிற, சிப்பாய்கள் வரிசையாகக் குறிபார்க்கிற பிரபலமான படம்கூட 1925-ல் வந்த ஒரு சினிமாவின் ஸ்டில்தான். அன்றைக்குச் செத்தவர்கள் நிஜம். அவர்களுக்கு அஞ்சலியாக நாம் காட்டுவது மட்டும் நடிகர்களை.

நிஜ போட்டோவே இல்லையா என்றால், இருக்கிறது. 1914 ஆகஸ்ட்டில் ஜார் போர் அறிவித்து அரண்மனை பால்கனியில் வந்து நின்றபோது எடுத்தது. மைதானம் நிறைய ஜனங்கள். அத்தனை பேரும் மண்டியிட்டிருக்கிறார்கள். மூன்றே வருஷத்தில் இந்த ஊர் எப்படி மாறியது என்று யோசிக்க வைக்கிற படம் அது. அதைப் போட மாட்டார்கள். கேட்டில் யாரும் ஏறவில்லையே!

நல்ல வழி தெரியாமலும் இல்லை. 'அக்டோபர்' எடுத்த அதே 1927-ல், பிப்ரவரிப் புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவுக்கு, எஸ்ஃபிர் ஷுப் என்ற பெண் எடிட்டர் 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்று ஒரு படம் செய்தார். ஒரு நடிகர்கூடக் கிடையாது. பழைய நியூஸ் ரீல், ஜார் குடும்பம் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பிலிம், எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, பல்லாயிரம் மீட்டர் போட்டுப் பார்த்துக் கோத்தார். ராஜா வீட்டு உல்லாசத்துக்குப் பக்கத்திலேயே வயலில் குனிந்து உழைக்கிறவர்களை வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஜார் ஏன் விழுந்தார் என்று அதில் புரிகிற மாதிரி எந்த கேட் ஏறுதலிலும் புரியாது.

நம் ஊர் மேடைகளையும் விட்டுவைக்க முடியாது. நவம்பர் விழாவில் பாரதியின் 'புதிய ருஷியா'வை முழங்கிவிட்டு, அடுத்தாற்போல் இந்தக் காட்சியைத் திரையில் ஓட்டுகிறார்கள். அந்தப் பாட்டு ஜாரின் வீழ்ச்சியைப் பற்றியது. அது மார்ச் சமாச்சாரம். கேட் காட்சி நவம்பர் பற்றிய 1927 சினிமா. இரண்டையும் ஒட்டிப் பார்க்கிற பையன், மக்கள் கேட் ஏறிக் குதித்து ஜாரைப் பிடித்தார்கள் என்றுதான் வீட்டுக்குப் போவான். யூடியூபில் அவனே அதை வெட்டி ஒட்டி இன்னும் பத்தாயிரம் பேருக்கு அனுப்புவான்.

டி.வி.க்காரர்களிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மந்திரி போன மாசம் நடந்து போனதைத் திரும்பப் போட்டால் மூலையில் 'கோப்புக் காட்சி' என்கிறீர்கள். நகைக் கடைத் திருட்டை நடித்துக் காட்டினால் 'சித்தரிக்கப்பட்டது' என்கிறீர்கள். அந்த எழுத்துகள் உங்கள் கம்ப்யூட்டரில் ரெடியாகத்தான் இருக்கின்றன. அடுத்த நவம்பர் 7-க்கு அதில் ஒன்றை எடுத்து, கேட் ஏறுகிறவர்களின் காலுக்குக் கீழே போடுங்கள்.